மேற்கிலிருந்து வரும் காற்றும் கறிவேப்பிலைச் செடியில் ஒரு தேன்சிட்டுக் கூடும்

கறிவேப்பிலை_ஈசூன்
ஜூன் 9, காலை 9.15

அனைவருக்கும் வணக்கம். இன்று அதிகாலை ஐந்து மணிக்குச் சற்று முன்னதாக அடித்த காற்றுக்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் உறங்கவில்லை. நாங்கள் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக்கின் ஆறாவது மாடியில் குடியிருக்கிறோம். வீட்டு வாசலும் பொது நடைபாதையும் மேற்கு நோக்கியவை. முதலில் வாசல் கிராதி தடதடவென்று ஆடியது. அடுத்த நொடியே அண்டை வீட்டுக் காலணிகள் நடைபாதையில் உருண்டோடும் ஓசை கேட்டது. அம்மா துணி காயப்போட்டிருந்த மூங்கில் கழிகளை உள்ளே இழுக்கச் சமையலறைக்கு ஓடினார். அப்பாவோ கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.

அவர் போனதற்குக் காரணம் உண்டு. வாசலருகே தொட்டியில் வளரும் எங்கள் கறிவேப்பிலைச் செடியில் ஒரு தேன்சிட்டு கூடு கட்டியிருக்கிறது. சென்ற மாதக் கடைசியில் கட்டத் தொடங்கியது. ஜூன் 2ஆம் தேதி முதல் பெண் சிட்டு அடைகாப்பதைப் பார்க்கிறோம். கூடு ஒரு சுருக்குப்பை போலத் தொங்குகிறது. பக்கவாட்டில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசலும், அதன் மேலே மழைநீர் உள்ளே வராதபடி சிறு இறவாரமும் இருக்கின்றன. உலர்ந்த புல், சிலந்தி நூல், எங்கள் துணிகளிலிருந்து உதிர்ந்த பஞ்சு எல்லாம் அதில் உள்ளன. நிலைக்கதவில் காய்ந்து தொங்கிய மாவிலைத் தோரணத்தின் நாரையும் உருவி எடுத்து அது கூட்டில் பின்னியிருக்கிறது. அம்மா அந்தத் தோரணத்தை மாற்றாமல் விட்டுவைத்திருக்கிறார். குழம்புக்குத் தாளிக்க வேண்டிய கறிவேப்பிலையைத் தேக்கா சந்தையில் வாங்கிவரச் சொல்லி எனக்கு உத்தரவு.

இன்று காலை அந்தக் கிளை நடைபாதைச் சுவருக்கு மேலே வளைந்து வளைந்து அடித்தது. எழுபத்தாறு வயதில் அப்பா தம் முதுகைக் காற்றுக்குக் காட்டியபடி ஏறத்தாழ இருபது நிமிடம் செடிக்கு மறைப்பாக நின்றார். கூடு பிழைத்தது. பெண் சிட்டு வெளியே வரவே இல்லை.

என் கேள்விகள் இரண்டு. இத்தகைய காற்று வருவதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? தொட்டியை வீட்டுக்குள் நகர்த்தலாமா, கூடாதா?

மேற்குவானம்
ஜூன் 9, காலை 10.02

உங்கள் வீட்டைத் தாக்கியது சுமத்ரா சூறை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை எந்த மாதத்திலும் அது வரலாம். இரவில் சுமத்ராத் தீவின் மேலோ மலாக்கா நீரிணையின் மேலோ இடிமேகங்கள் ஒரே வரிசையாகத் திரண்டு, தென்மேற்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ வீசும் காற்றால் நம் பக்கம் தள்ளப்படுகின்றன. அதனால்தான் பெரும்பாலும் விடியலுக்கு முன்னரோ முற்பகலிலோ அவை நம்மை வந்தடைகின்றன. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்று வீசுவது வழக்கம். 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் தேதி தெங்காவில் பதிவான மணிக்கு 144.4 கிலோமீட்டர்தான் இங்கு அளக்கப்பட்டவற்றுள் மிக வேகமான காற்று.

முன்கூட்டியே அறிவது கடினமன்று. படுக்கப் போகும் முன்னும், நடுவில் விழிப்பு வந்தாலும், வானிலைச் செயலியில் மழை ரேடார் படத்தைப் பாருங்கள். வழக்கமான பிற்பகல் இடிமழை படத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுகளாகத் தெரியும். சூறையோ வடக்கிலிருந்து தெற்காக ஒரு வில்லை வளைத்து வைத்ததுபோல் நீண்டு கிடக்கும். படத்துக்குப் படம் அந்த வில் கிழக்கே நகரும். நம் தீவின் அகலமே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான் என்பதால், மேற்கு முனையிலுள்ள துவாஸைத் தொட்டபின் விழித்துக்கொள்வது தாமதம். நீரிணையில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

செயலி இல்லாமலும் ஓர் அறிகுறி உண்டு. நான் ஜூரோங் மேற்கில் பத்தாவது மாடியில் இருக்கிறேன். புழுக்கமான இரவில் திடீரென்று மேற்கிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டால், மழைக்கு முன் எனக்குச் சில நிமிடங்களே உள்ளன என்று பொருள். முதலில் கழிகளை எடுப்பேன், பிறகு சன்னல்களைச் சாத்துவேன். இந்த வரிசையை மாற்றுவதில்லை. நனைந்த தரையைத் துடைத்துவிடலாம். பத்தாவது மாடியிலிருந்து விழும் கழி கீழே நடப்பவரின் உயிரைப் பறித்துவிடும்.

பசுமைத்தொட்டி_தெம்பனிஸ்
ஜூன் 9, பகல் 12.40

தொட்டியை நகர்த்தாதீர்கள், தம்பி. எங்கள் வீட்டு நடைபாதையில் இருமுறை தேன்சிட்டு குஞ்சு பொரித்திருக்கிறது. முதல் முறை நான் செய்த தவற்றை நீங்கள் செய்ய வேண்டாம். மழைச்சாரல் படுகிறதே என்று தொட்டியைத் தூக்கி வீட்டு வாசலுக்குள் வைத்தேன். தாய் திரும்பி வந்து, கிளை இருந்த வெற்றிடத்திலேயே சிறகடித்து நின்று தேடிவிட்டுப் போனது. உடனே பழைய இடத்தில் வைத்தும் அது வரவில்லை. முட்டைகள் இரண்டும் வீணாயின. பல ஆண்டுகள் ஆகியும் எனக்கு அந்தக் காட்சி மறக்கவில்லை.

இரண்டாம் முறை செய்ததைச் சொல்கிறேன். கூட்டைத் தாங்கும் கிளையை மட்டும், கூட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, ராஃபியா கயிற்றால் சன்னல் கம்பியோடு தளர்வாகக் கட்டினேன். இறுகக் கட்டினால் கிளை முறியும்; கட்டாமல் விட்டால் சாட்டையாகச் சுழலும். இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தொய்வு விட்டால் கிளை ஆடும், ஆனால் அடிக்காது. தாய் இரை தேடிப் போயிருக்கும் நேரம் பார்த்து, இரண்டு நிமிடத்துக்குள் வேலையை முடித்து உள்ளே போய்விட வேண்டும். மேற்குப் பக்கத்தில் காலணி அலமாரியையோ துணி உலர்த்தும் சட்டத்தையோ மறைப்பாக வைக்கலாம். குடையை விரித்துக் கட்டிவிடாதீர்கள். சூறையில் அது பறந்து போய்க் கூட்டையும் பிய்த்துக்கொண்டு போகும்.

அடைகாக்கும் காலம் பதினொன்று பன்னிரண்டு நாள்தான். பொரித்தபின் இரண்டு வாரம் அளவில் குஞ்சுகள் பறந்துவிடும். இம்மாத இறுதி வரை பொறுங்கள்.

புளோக்_அண்டைவீட்டார்
ஜூன் 9, மாலை 6.25

மனம் நோகும்படி எழுதும் எண்ணம் இல்லை. ஆனால் ஒருவர் சொல்லியாக வேண்டும். நடைபாதை நம் சொத்தன்று. தீ ஏற்பட்டால் தூக்குப்படுக்கையோடு ஆட்கள் ஓட வேண்டிய வழி அது, 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது விதி. காலணி அலமாரியை மறைப்பாக நகர்த்தச் சொல்பவர்கள் அந்த அகலத்தை அளந்து பார்த்துச் சொல்லுங்கள். அடுத்தது டெங்கி. 2020இல் இந்நாட்டில் 35,000 பேருக்கு மேல் டெங்கி கண்டது. அவர்களில் என் மகளும் ஒருத்தி. தொட்டித் தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு ஒரே வாரத்தில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாகிவிடும். கூடு இருக்கிறது என்பதற்காகத் தட்டைத் தொடாமல் மூன்று வாரம் விடுவீர்களா? நானும் பறவைகளை விரும்புபவன்தான். இருந்தாலும் மருத்துவமனையில் மகளின் ரத்தத் தட்டணுக்களின் எண்ணிக்கையை நாள்தோறும் கேட்டுக்கொண்டு நின்றவனுக்கு இது சிறிய விஷயமன்று.

கறிவேப்பிலை_ஈசூன்
ஜூன் 9, இரவு 8.50

அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. உங்கள் மகள் நலமாக இருப்பார் என்று நம்புகிறேன். இன்று மாலையே தொட்டியின் அடித்தட்டை எடுத்துவிட்டேன். தாய் பறந்துபோன நேரத்தில் அப்பா தொட்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தார், நான் தட்டை உருவினேன். தொட்டி அதே இடத்தில்தான் நிற்கிறது. இனி நீர் ஊற்றியதும் தரையைத் துடைத்துவிடுவோம். வழியையும் அளந்தோம். செடிக்கும் எதிர்ச்சுவருக்கும் இடையே 1.35 மீட்டர் உள்ளது. அலமாரியை நகர்த்தினால் அது குறையும் என்பதால் அந்த யோசனையைக் கைவிட்டோம்.

பசுமைத்தொட்டி அக்கா சொன்னபடி கிளையை ராஃபியாவால் கட்டியாயிற்று. கட்டியது அப்பா. செம்பவாங்கில் அத்தாப்புக் கூரை வீட்டில் வளர்ந்தவர் அவர். காற்றுக்காலத்தில் கூரை ஓலையைக் கம்போடு சேர்த்துக் கட்டும் முடிச்சு ஒன்று அவருக்குத் தெரியும். காற்று இழுக்கும்போது அந்த முடிச்சு நெகிழ்ந்து கொடுக்கும், விட்டதும் பழைய நிலைக்கு வந்துவிடும். கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி அணியாமலேயே விரலால் தடவிப் பார்த்துக் கட்டினார். அவர் விரல்கள் இதைச் செய்து நான் பார்த்ததே இல்லை.

பழைய_பொத்தோங்பாசிர்
ஜூன் 10, காலை 7.30

தங்கள் தந்தையார் என் வயதினர் போலும். அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் பொத்தோங் பாசிர் கம்பத்தில், அதாவது அந்நாளைய கிராமத்தில், வளர்ந்தேன். நாகத்தகட்டுக் கூரை, மண்தரை, பின்னால் மூன்று பசுமாடுகள், அதற்கும் அப்பால் சீனர்களின் கீரைத் தோட்டங்கள். சுமத்ரா சூறை என்று இன்று எழுதுகிறோம். அன்று எங்கள் வீட்டில் அதற்குச் ‘சுமத்திராக் காத்து’ என்றுதான் பெயர். கூரைத் தகடு எகிறும் என்று நாங்கள் அஞ்சியது உண்மைதான். என்றாலும் ஒரு மணி நேரம், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்தில் அது கடந்துபோய்விடும். சத்தம் போட்டுக்கொண்டு வருவது சத்தம் போட்டுக்கொண்டே போய்விடும் என்பார் என் ஆத்தா.

நாங்கள் நடுங்கியது ஆண்டுக் கடைசியில் வடகிழக்குப் பருவக்காற்றோடு வரும் அடைமழைக்குத்தான். அதில் இடி குறைவு, காற்றும் பெரிதாக இராது. 1978ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி பெய்த மழையை நான் என் உடம்பால் அறிவேன். பாயா லேபாரில் ஒரே நாளில் 512.4 மில்லிமீட்டர் பதிவானது. ஓராண்டு முழுவதும் இங்கு பெய்யும் சராசரி மழை 2,113 மில்லிமீட்டர் என்றால், அதில் கால் பங்கு ஒரே நாளில் இறங்கியது என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை ஒரே சீராகப் பெய்ததால் அபாயம் நெருங்குவதை யாரும் உணரவில்லை. காலாங் ஆற்றுநீர் எங்கள் முற்றத்துக்கு ஓசையில்லாமல் வந்தது. முதலில் கட்டிலுக்கு அடியில் இருந்த என் செருப்பு மிதந்தது. ஐயா மாடுகளின் கயிற்றை அறுத்துவிட்டார். கட்டிய மாடு மூழ்கும், அவிழ்த்த மாடு மேட்டை அடையும் என்பது அவர் கணக்கு. இரண்டு மாடுகள் மேட்டை அடைந்தன. சினையாக இருந்த மூன்றாவது மாட்டை மறுநாள் கீரைத் தோட்டத்து வேலியில் கண்டோம். அந்த வெள்ளத்தில் இத்தீவில் ஏழு பேர் உயிரிழந்தனர்.

பின்னர் ஆறு அகலப்படுத்தப்பட்டது, கம்பம் போயிற்று, வீவக வீடுகள் எழுந்தன. இன்று எட்டாவது மாடியில் இருக்கிறேன். இருந்தும் டிசம்பரில் ஓசையில்லாத மழை இரண்டாம் நாளும் தொடர்ந்தால் இரவில் எழுந்து போய்க் கட்டிலுக்கு அடியில் கை வைத்துப் பார்க்கிறேன். என் பேரப்பிள்ளைகளுக்கு இது விளங்கவில்லை. தங்கள் தந்தையாருக்கு விளங்கும்.

தூங்குமூஞ்சி_நிழல்
ஜூன் 10, பகல் 1.10

நான் பதினெட்டு ஆண்டுகள் ஒரு குத்தகை நிறுவனத்தில் மரம் கழிக்கும் வேலை செய்தவன். காற்றைப் பற்றி ஒரு சொல் சேர்க்கிறேன். 2024 செப்டம்பர் 17ஆம் தேதி சூறை மாலை நேரத்தில் வந்தது. காற்று மணிக்கு 80 கிலோமீட்டரைத் தாண்டியது, நூற்றுக்கணக்கான மரங்கள் பாதிக்கப்பட்டன, கிளைகள் முறிந்தன. ஆகவே விடியலில்தான் வரும் என்று நம்பி மாலையில் அசட்டையாக இருக்க வேண்டாம். சில நாள் மழையில் ஊறிய மண்ணில் நிற்கும் மரம், அதே காற்றில் காய்ந்த மண்ணில் நிற்கும் மரத்தைவிட எளிதாகச் சாயும். வேர் நன்றாகவே இருக்கும். அதைப் பிடித்துக்கொள்ளும் மண் குழைந்திருக்கும்.

நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் மேகமூட்டத்திலும் இலையை மடிக்கும். மாலை ஐந்து மணி அளவில் மடிப்பதால் மலாய் நண்பர்கள் அதைப் ‘புக்கோல் லீமா’ என்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்கே அது இலை மடித்து நின்றால், எங்கள் மேற்பார்வையாளர் எங்களை மரத்திலிருந்து இறங்கச் சொல்லிவிடுவார். காற்று அடிக்கும்போது மரத்தடியில் நிற்கவும் வேண்டாம், காரை நகர்த்துவதற்காக ஓடவும் வேண்டாம்.

கறிவேப்பிலை_ஈசூன்
ஜூன் 14, காலை 8.05

நேற்று குஞ்சு பொரித்துவிட்டது. இதுவரை கூட்டுக்குள் போகாத ஆண் சிட்டும் இப்போது இரை கொண்டுவருகிறது. கழுத்தும் மார்பும் கருநீலமாக மின்னுவதால் ஆணை எளிதில் அடையாளம் தெரிகிறது. எத்தனை குஞ்சுகள் என்று எட்டிப் பார்க்க அப்பா அனுமதிக்கவில்லை. பொத்தோங் பாசிர் ஐயா எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். மாட்டைப் பற்றிய பகுதியை மீண்டும் ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, 1978இல் தாம் செம்பவாங்கில் என்ன செய்தார் என்று சொல்லத் தொடங்கி, இரவு பதினொரு மணி வரை பேசினார். இவற்றில் பாதியை அம்மாவே கேள்விப்பட்டதில்லை.

மேற்குவானம்
ஜூன் 23, இரவு 11.48

ஈசூன் தம்பி, ரேடார் படத்தைப் பாருங்கள். நீரிணையின் மேல் வரிசை கட்டிவிட்டது. இதே வேகத்தில் நகர்ந்தால் பின்னிரவில் நம்மை அடையும்.

தூக்கம் வராததால் ஒன்றை எழுதி வைக்கிறேன். சூறையைத் தள்ளிவரும் இதே தென்மேற்குக் காற்றுதான் சுமத்ராக் காட்டுத்தீயின் புகைமூட்டத்தையும் நமக்குக் கொண்டுவருகிறது. 2013 ஜூன் 21ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டபோது, கதவிடுக்குகளில் ஈரத்துணி செருகிக்கொண்டு வீட்டுக்குள் அடைபட்டிருந்தோம். நான்கு நாள் கழித்து, 25ஆம் தேதி, இங்கே மேற்குப் பகுதியில் ஆலங்கட்டி மழை பெய்தது. சன்னல் மறைப்பில் கல் எறிவதுபோல் ஓசை. என் தாயார் நாள் கணக்காகச் சாத்தியிருந்த சன்னலைத் திறந்து, உள்ளங்கையில் ஒரு கட்டியைப் பிடித்து, உருகும் வரை பார்த்துக்கொண்டே நின்றார். இந்த மேற்கு வானத்தை நான் ஓயாமல் பார்ப்பது அன்று தொடங்கியது.

கறிவேப்பிலை_ஈசூன்
ஜூன் 24, காலை 7.20

மேற்குவானம் அண்ணனுக்கு என் மனமார்ந்த நன்றி. உங்கள் செய்தியைப் பார்த்தவுடன் கழிகளை எடுத்துவிட்டேன். தளர்ந்திருந்த முடிச்சை இருட்டில் அப்பாவே தடவிப் பார்த்துச் சரிசெய்தார். காற்று மூன்றேமுக்காலுக்கு வந்தது. சென்ற முறையைவிடக் கடுமை. இம்முறை அப்பாவை வெளியே விடவில்லை. கிராதிக்கு உள்ளே நாற்காலி போட்டு இருவரும் உட்கார்ந்துகொண்டோம். மின்னல் வெட்டும்போதெல்லாம் கூடு ஒரு நொடி தெரியும். கிளை இழுபடும், கயிறு விறைக்கும், கிளை திரும்பும். கூடு மட்டும் தன் காம்பிலிருந்து ஊஞ்சலைப் போல மெதுவாகத் திரும்பி, வாசலைக் காற்றுக்கு மறுபுறம் காட்டிக்கொண்டது. சிட்டு அதை அப்படித் திட்டமிட்டுக் கட்டியதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் பார்த்தது அதுதான். ஒருமுறை மின்னலில் தாயின் அலகு கூட்டு வாசலில் நீட்டிக்கொண்டிருப்பதைக் கண்டோம். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தவர், காற்று ஓயும் வரை விடவில்லை.

விடிந்ததும் ஆண் சிட்டு முதலில் வந்தது. மழைத்தூறலிலேயே இரை கொடுத்தது.

புளோக்_அண்டைவீட்டார்
ஜூன் 24, காலை 9.00

மகிழ்ச்சி. தரையில் நீர் தேங்கியிருந்தால் துடைத்துவிடுங்கள். என் மகள் இந்த இழையைத் தொடர்ந்து படிக்கிறாள். குஞ்சுகள் எத்தனை என்று தெரிந்தால் சொல்லச் சொன்னாள்.

கறிவேப்பிலை_ஈசூன்
ஜூன் 29, மாலை 5.40

இரண்டு என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள், அண்ணன். நேற்று காலை ஏழரை மணிக்கு முதல் குஞ்சு கூட்டை விட்டு வந்து, கிளையில் அப்பா கட்டிய முடிச்சின் மேல் உட்கார்ந்தது. வால் இன்னும் முளைக்கவில்லை. அலகின் ஓரம் மஞ்சள். தாய் நடைபாதைச் சுவரிலிருந்து விடாமல் கூப்பிட்டது. அது பறந்து எதிர்ப் புளோக்கின் கீழே நிற்கும் மரத்துக்குப் போனது. இரண்டாவது குஞ்சு பத்து மணி வரை வெளியே வரவில்லை. வந்ததும் நேராக எங்கள் வீட்டுக்குள் பறந்து சாமி மாடத்தின் மேல் போய் உட்கார்ந்துவிட்டது. மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, கதவை முழுவதும் திறந்து வைத்துவிட்டு நாங்கள் மூவரும் சமையலறையில் காத்திருந்தோம். கால் மணி நேரத்தில் தாய் வாசல் வரை வந்து கூப்பிட்டு அழைத்துச் சென்றது.

தரையைத் துடைத்தாயிற்று. புதிய தோரணம் இன்று கட்டினோம். கிளையில் உள்ள கயிற்றை அவிழ்க்கட்டுமா என்று கேட்டதற்கு, நவம்பர் வரை இருக்கட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.